35 லட்சம் வண்டி 10 லட்சத்துக்கு ஏன் கிடைக்கிறது?

2022 ஆவணியில் ஒரு பழைய எஸ்.யூ.வி. வாங்கினோம். ஏழு பேர் உட்காரலாம், டீசல், ஆட்டோமேட்டிக் கியர். புதிதாக ரோட்டுக்கு வந்தபோது 35 லட்சத்துக்கு மேல் ஆன வண்டி. எட்டு வயது, 92,000 கிலோமீட்டர் ஓட்டம், 9 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடிந்தது. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். தாழ்வான காரில் குனிந்து ஏறி இறங்க முடியாது. குலதெய்வம் கோயிலுக்கு எப்போதும் ஆறேழு பேராகத்தான் போவோம். அதே பணத்துக்குப் புதிதாக வாங்கினால் ஒரு சின்னக் கார்தான் வரும். அன்றைக்குக் கணக்கு சரியாகத்தான் பட்டது.

அடுத்த பதினான்கு மாதத்தில் அந்த வண்டிக்குப் பழுது பார்க்க மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரம் செலவானது. டீசல், டயர், இன்சூரன்ஸ் எதையும் இதில் சேர்க்கவில்லை. கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இந்தக் கதை ஒரு கம்பெனியோடு முடிவதில்லை.

விற்றவர் எங்களை ஏமாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்வீஸ் ரசீதுகளைத் தந்தார். மீட்டரைக் குறைக்கவில்லை. வண்டி எங்கும் அடிபட்டதும் இல்லை. செகண்ட் ஹேண்ட் கார் என்றதும் நாம் பயப்படுவதெல்லாம் ஏமாற்று வேலைக்குத்தான். அதற்குத்தான் மெக்கானிக்கைக் கூட்டிப்போகிறோம், பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறோம். ஆனால் எந்த ஏமாற்றும் இல்லாமலே ஒரு நடுத்தரக் குடும்பம் இந்தச் செலவில் போய் விழ முடியும். அது எப்படி நடக்கிறது என்பதை வாங்குவதற்கு முன் யாராவது எனக்கு உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டிக்கு வயதாகும், ஸ்பேர்ஸுக்கு வயதாகாது

கார் இன்சூரன்ஸில் ஒரு தேய்மான அட்டவணை உண்டு. முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, அப்புறம் 30, 40, ஐந்து வருடம் முடியும்போது 50. அதற்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்ளும் மதிப்பு. எல்லா வண்டிக்கும் ஒரே அட்டவணைதான். ஆனால் சந்தை வண்டிக்கு வண்டி வேறு வேறு கணக்குப் போடும்.

எட்டு வயது இன்னோவா ஒன்றைத் தேடிப் பாருங்கள். விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் விற்பவர் இறங்கி வர மாட்டார். 2005-இல் இந்தியாவுக்கு வந்த வண்டி அது. டாக்சிக்காரர்கள் அடித்து ஓட்டி, எது எத்தனை கிலோமீட்டரில் போகும் என்பதைப் பார்த்துவிட்டார்கள். தாராபுரத்தில் நின்றாலும் திண்டிவனத்தில் நின்றாலும் அதைத் தெரிந்த ஒரு பட்டறை பக்கத்திலேயே இருக்கும். பொலிரோவுக்கும் ஸ்கார்பியோவுக்கும் இதே கதைதான். எங்கள் வண்டிக்கோ கோயம்புத்தூரிலேயே நாலைந்து பேர்தான் கை வைப்பார்கள்.

எட்டு வருடத்தில் முக்கால்வாசி விலை இறங்கிய வண்டி முக்கால்வாசி கெட்டுப்போய்விட்டதா என்றால், இல்லை. கதவைச் சாத்தும்போது இன்னும் அந்தக் கனமான சத்தம் வரும், 100-இல் போனால் உள்ளே பேச்சு கேட்கும். விலை இறங்கியதற்குக் காரணம், இனி வரப்போகும் செலவு இன்னதென்று சந்தைக்கு முன்பே தெரியும் என்பதுதான். 'செலவு வைக்கிற வண்டி' என்று புரோக்கர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தைக்குள் பல லட்சம் ரூபாய் அடங்கியிருக்கிறது. இன்னோவா வாங்குகிறவர் அந்தப் பணத்தை முதல் நாளே விற்பவர் கையில் கொடுத்துவிடுகிறார். எங்களைப் போன்றவர்கள் அதையே கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டறையில் கொடுக்கிறோம். நான் அந்த இறக்கத்தை லாபம் என்று நினைத்தேன்.

இங்கேதான் ஸ்பேர்ஸ் விலை வருகிறது. வண்டி 35 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு இறங்கலாம். அதன் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் பாகம்), கியர்பாக்ஸ் யூனிட், ஹெட்லைட் எல்லாம் இன்றைக்கும் 35 லட்சம் வண்டியின் விலையில்தான் விற்கும், வருடத்துக்கு வருடம் கூடவும் செய்யும். எண்ணிக்கையில் குறைவாக ஓடும் வண்டி என்றால் வெளிச்சந்தையில் அந்தப் பாகத்தைச் செய்ய ஆள் வர மாட்டார். கம்பெனி வைத்ததுதான் விலை. அதிலும் பல பாகங்கள் தனியாக வராது, அசெம்பிளியாகத்தான் வரும். ஹெட்லைட்டுக்குள் ஒரு சின்னப் பலகை போனால் முழு ஹெட்லைட்டையும் வாங்க வேண்டும். எங்கள் பில்களில் பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பரில் அது 18 ஆனது, அந்த அளவுக்கு நல்லது.

கூலியும் அப்படித்தான். சில வண்டிகளில் பாகத்தைவிட அதை எட்டுவதற்கான வேலை பெரிது. 2007-இல் வந்த பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். ஆரம்ப வருட இன்ஜின்களில் அது சீக்கிரம் தேய்ந்து சத்தம் போடும் என்று பெயர் எடுத்தது. செயினை மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 4 வண்டிகளில் டர்போ வேலைக்கு மொத்த பாடியையும் சேஸியிலிருந்து தூக்கிவிடுவது பட்டறைகளில் வழக்கம். வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. வாரன்டி காலத்தில் வண்டி எப்படி ஓடும் என்பதை அவர்கள் பார்த்தார்கள்; பத்தாம் வருடம் கோயம்புத்தூரில் அதை ஒருவர் பிரிப்பார் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

எட்டாம் வயதில் உள்ளே நடப்பது

எங்களுக்கு முதல் அடி விழுந்தது பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவு தாண்டி. அப்பாதான் முதலில் கவனித்தார்: "டேய், ஏதோ இனிப்பா வாசம் வருதே." இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆவியானால் அந்த இனிப்பு வாசம்தான் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அரை நிமிடத்தில் டெம்பரேச்சர் முள் ஏறியது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கோடு போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

போனது, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சுமக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு. கையகலம்தான் இருக்கும். மெக்கானிக் அதை வெளியே எடுத்து இரண்டு விரலால் அமுக்கினார். பழைய பிஸ்கட் மாதிரி பொடிந்தது. தினமும் 90, 100 டிகிரிக்குச் சூடாகி, ராத்திரி ஆறி, மறுநாள் மறுபடி சூடாகி, எட்டு வருடத்தில் பிளாஸ்டிக் தன் உயிரை இழந்துவிடுகிறது. பாகத்தின் விலை 6,800. அது, இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருந்ததால் கூலி 14,000. பிரித்ததோடு பிரித்தது என்று வாட்டர் பம்ப், ஹோஸ், கூலன்ட் எல்லாம் சேர்த்து 34,000. வீடு பத்து நிமிடம்தான் என்று அப்படியே ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, செலவு லட்சக்கணக்கில் போயிருக்கும். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் மூக்குதான்.

இந்தச் சின்னக் கூட்டைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. 'இன்ஜின் இரும்பு மாதிரி' என்று நாம் பேசுகிறோம். எட்டு, பத்து வயதில் ஒரு வண்டியைப் படுக்க வைப்பது இரும்பு இல்லை, ரப்பரும் பிளாஸ்டிக்கும். புஷ், சீல், ஹோஸ், வயர் உறை, கேஸ்கெட். இவை கிலோமீட்டரைப் பார்த்துச் சாவதில்லை, வருடத்தைப் பார்த்துச் சாகின்றன. அதனால்தான் 'குறைந்த ஓட்டம்' என்பது பழைய எஸ்.யூ.வி.யில் பாதி ஆறுதல் மட்டுமே.

அடுத்தது இன்ஜெக்டர். டயரில் நாம் பிடிக்கும் காற்று 2 பார் சொச்சம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அது 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியாக, ஒரு வெடிப்புக்குள் பலமுறை டீசலைத் தெளிப்பதுதான் இன்ஜெக்டரின் வேலை. கொஞ்சம் தண்ணீர் கலந்த டீசலோ, மாற்றாமல் விட்ட ஃபில்டரோ போதும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தபோது மெக்கானிக் ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு குப்பியை மாட்டி இன்ஜினை ஓட விட்டார். மூன்று குப்பியில் கீழே கொஞ்சம். நாலாவது பாதிக்கு மேல் நிறைந்தது. அந்த இன்ஜெக்டர் டீசலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் மாற்றலாம் என்றார், ஆனால் மற்ற மூன்றும் எல்லைக்குப் பக்கத்தில்தான் இருந்தன. கோயம்புத்தூரில் டீசல் பம்ப் சர்வீஸுக்குக் குறைவில்லை. சாதாரண இன்ஜெக்டரைப் பிரித்துச் சரி செய்து தந்துவிடுவார்கள். எங்களுடையது பியசோ வகை, பெரும்பாலும் புதிது போடுவதைத் தவிர வழியில்லாத ரகம். புதிதின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அதை ஏற்றுக்கொள்ளாது. நாலும் சேர்த்து 1 லட்சத்து 72 ஆயிரம்.

ஏர் சஸ்பென்ஷன் இன்னொன்று. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. ஓட்டும்போது ஊஞ்சல் மாதிரி இருக்கும். எட்டு வருடத்தில் ரப்பரின் மடிப்பில் நூல் நூலாக வெடிப்பு விழும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். 'எழுந்துவிடுகிறதே, ஓடட்டும்' என்று நாங்கள் இரண்டு மாதம் விட்டோம். அதுதான் தப்பு. கசியும் பையை நிரப்ப கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி, அதுவும் கருகியது. பையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கம்ப்ரஸரும் சேர்ந்து 1 லட்சத்து 48 ஆயிரம் ஆனது. இந்த வகை வண்டிகளில் ஒரு பழுது இன்னொன்றை இழுத்துக்கொண்டுதான் வரும். பழைய அம்பாசடரில் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஒரு மாதம் மிச்சம். இதில் தள்ளிப்போட்டால் தொகை இரண்டு மடங்கு.

கியர்பாக்ஸில் எங்களுக்குப் பெரிய அடி இல்லை. ஆனால் விசாரித்து வாங்க வேண்டிய முதல் பாகம் அதுதான் என்பேன். டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் ஆட்டோமேட்டிக்) என்றால், அதிலும் எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச் என்றால், நகர நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது பாதி பிடித்தும் பாதி விட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். இது ஏதோ நம்மூர் டிரைவர்களின் தவறு இல்லை. ஃபோர்டின் பவர்ஷிப்ட் டூயல் கிளட்ச் விஷயத்தில் வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஃபெடரல் கோர்ட் அந்த நாட்டு ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபியெஸ்டா, ஃபோக்கஸோடு எக்கோஸ்போர்ட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் இதைவிட உழைக்கும். ஆனால் 'இந்த ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று சொல்லும் ஷோரூம்களை நம்பக் கூடாது. பல கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில், ஆயில் மாற்றச் சொல்கிறது. எங்கள் வண்டியில் அதுவரை ஒருமுறைகூட மாற்றியிருக்கவில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 புகை விதிப்படியான டீசல் வண்டி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி 600 டிகிரி வாக்கில் சூடேறினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தினம் நாலு கிலோமீட்டர் ஸ்கூலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய டீசல் எஸ்.யூ.வி.யில் அந்தச் சூடு ஒருநாளும் வந்திருக்காது. 'ஆபீசுக்கு மட்டும்தான் சார் ஓட்டினேன்' என்பது அந்த வண்டிக்கு நல்ல சான்றிதழ் இல்லை.

ஸ்கேனர் சொன்னது, குழாய் சொன்னது

ஒருநாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிக்குப் பிக்கப் போய்விட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறதே தவிர வண்டி போகவில்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரை மாட்டினார்கள். பி0299 என்று வந்தது. டர்போவின் அழுத்தம் போதவில்லை என்பது அந்தக் குறியீட்டின் பொருள். எஸ்டிமேட் அடித்துக் கையில் கொடுத்தார்கள்: புது டர்போ, கூலி, வரி எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 65 ஆயிரம்.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பாகம் டர்போ. அது போயிருக்கலாம் என்பதை நம்புவது சுலபம். அன்று ராத்திரி நானும் மனைவியும் எந்தச் சேமிப்பைத் தொடுவது என்று உட்கார்ந்து பேசினோம். வண்டிக் கடனின் தவணையும் அதே வாரம்தான்.

மறுநாள் உக்கடம் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அந்தத் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, ஒரு சின்ன மெஷினிலிருந்து உள்ளே புகையை ஏற்றினார். டார்ச் அடித்துக் கொண்டே சுற்றி வந்தார். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளாம்ப்புக்கு அடியில், ஒரு அங்குலத்துக்குக் கிழிசல். சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டிருக்கும். அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். அதன் வழியாக வெள்ளையாகப் புகை எழுந்தது.

"டர்போ நல்லாத்தானுங்ணா இருக்குது. அது குடுக்கற காத்துதான் வழியிலயே போயிருது."

குழாயும் கூலியும் சேர்த்து 7,500. வண்டி பழையபடி இழுத்தது.

பெரிய ஒர்க்‌ஷாப்காரர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கேனர் தருவது அறிகுறியின் பெயரை மட்டும்தான். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும். டைபாய்டா, சாதாரண ஜலதோஷமா என்று சொல்லாது. அழுத்தம் குறைவு என்ற குறியீட்டுக்குப் பின்னால் டர்போ இருக்கலாம், கிழிந்த குழாய் இருக்கலாம், வேக்குவம் லைன் இருக்கலாம், பொய் சொல்லும் சென்சாரும் இருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும், அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பில்லில் பெரிய தொகை போட முடியாது. பாகத்தை மாற்றினால் போடலாம். பழைய எஸ்.யூ.வி. வைத்திருப்பவரின் பணம் இந்த இடைவெளியில்தான் அதிகம் போகிறது. எனக்கு அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது: எந்த எஸ்டிமேட்டைப் பார்த்தாலும், 'இந்தப் பாகம்தான் போயிருக்கிறது என்று எப்படி உறுதி செய்தீர்கள், எனக்குக் காட்டுங்கள்' என்று கேட்பேன். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டிப்போய்க் காட்டுவார்.

அந்தத் தம்பிக்குக் கண்டுபிடித்ததற்கென்று தனியாக 1,500 கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி கொடுக்கிற வழக்கமே நம்மிடம் இல்லை. அந்த வழக்கம் இல்லாததற்கு நாம்தான் அதிக விலை கொடுக்கிறோம்.

கம்பெனி போன பிறகு, பாலிசி இருந்தும்

செவர்லே வண்டிகளை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ஓடு இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது; எக்கோஸ்போர்ட்டும் எண்டெவரும் உருவான மறைமலை நகர் ஆலையில் 2022-இல் வேலை நின்றது. மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் 2012 முதல் திருவள்ளூரில் பொருத்தப்பட்ட வண்டி; அதுவும் இன்று புதிதாக இல்லை. கம்பெனி போனதும் செகண்ட் ஹேண்ட் விலை சட்டென்று இறங்கும், வாங்க ஆசை வரும். ஃபோர்டு போல ஸ்பேர்ஸும் சர்வீஸும் தொடர்ந்து தருபவர்கள் உண்டு. இருந்தாலும் சர்வீஸ் சென்டர்கள் குறையும், பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். வண்டி செய்த ஊர் நம்முடையது என்பதாலேயே அதன் கியர்பாக்ஸ் யூனிட் நம்மூரில் கிடைத்துவிடாது.

அப்போதுதான் சென்னை புதுப்பேட்டையும் கோயம்புத்தூர் உக்கடமும் கை கொடுக்கின்றன. பிரித்த வண்டியிலிருந்து வரும் கதவு, கண்ணாடி, ஆக்சில், ஆல்டர்னேட்டர் எல்லாம் தாராளமாக வாங்கலாம், எத்தனையோ வண்டிகள் அதனால்தான் ஓடுகின்றன. எலக்ட்ரானிக் யூனிட்டுகளில் மட்டும் கவனம் வேண்டும். பலவற்றை அவை முதலில் இருந்த வண்டியோடு குறியீடு போட்டுப் பிணைத்திருப்பார்கள், இன்னொரு வண்டியில் மாட்டினால் வேலை செய்யாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வண்டியே வாங்குவதானாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. சேற்றுக் கோடு அங்கே நிற்கும்.

டில்லி வண்டி விஷயமும் இங்கே வருகிறது. 10 வருடம் கடந்த டீசல் வண்டி தலைநகர் பகுதியில் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எட்டொன்பது வயதான பெரிய டீசல் வண்டிகள் அங்கிருந்து மலிவாக வெளியே வந்தன. இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று வேண்டும், நம்மூர் ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் பதிவு எண்ணையும் மாற்றியாக வேண்டும். இதையெல்லாம் கூட்டிய பிறகுதான் அது மலிவா என்று சொல்ல முடியும்.

இன்சூரன்ஸைப் பற்றி பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றால் எல்லாம் வரும் என்று. தானாக நிகழும் இயந்திர, மின் பழுது எதற்கும் கார் பாலிசி பணம் தராது. எங்கள் 4 லட்சத்து 60 ஆயிரத்தில் ஒரு ரூபாய்கூட வரவில்லை, வரவும் வராது. விபத்து என்றாலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 5 முதல் 10 வயதுள்ள வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40. அதைத் தவிர்க்கும் ஜீரோ டெப் பாலிசி பெரும்பாலும் புதிய வண்டிகளுக்கே கிடைக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால், அதற்கென்று பாலிசியில் தனியாகச் சேர்க்கும் கவர் இல்லாவிட்டால், மறுத்துவிடுவார்கள்.

இவ்வளவு போட்டாச்சு

நாங்கள் இதற்குள் மாட்டிக்கொண்டது பணத்தால் மட்டும் இல்லை, ஒரு வாக்கியத்தால்: 'இவ்வளவு போட்டாச்சு.' கூலிங் வேலை முடிந்ததும், இனி ஒன்றும் வராது என்று நினைத்தோம். இன்ஜெக்டர் போட்டதும், இப்போது விற்றால் போட்டது போய்விடும் என்றோம். சஸ்பென்ஷனுக்கும் அதையே சொன்னோம். போட்ட பணம் வண்டி விலையில் ஏறாது. புது இன்ஜெக்டர் போட்ட வண்டிக்கும் போடாத வண்டிக்கும் சந்தை கொடுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அடுத்த பில்லைக் கட்டலாமா என்று யோசிக்கும்போது பார்க்க வேண்டியது முந்தைய பில்களை அல்ல. இந்த வேலை முடிந்த பிறகு இந்த வண்டியை இன்றைய விலைக்கு நான் வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியை எனக்குக் கேட்கத் தெரிந்தது பதிமூன்றாம் மாதத்தில்.

இப்படிப்பட்ட வண்டியே வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா அதில் கைப்பிடியைப் பிடித்து, நேராக, யார் உதவியும் இல்லாமல் ஏறுவார். அந்த ஒரு காட்சிக்காக நான் இன்னும் கொஞ்ச நாள் செலவு செய்திருப்பேன். ஆனால் கையில் 10 லட்சம் இருப்பவர் 10 லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. 7 லட்சத்துக்குப் பார்த்து, 3 லட்சத்தை முதல் இரண்டு வருடத்துக்கென்று தனியாக வங்கியில் போட்டுவிட வேண்டும். 7 லட்சத்தில் அந்த வண்டி வரவில்லை என்றால், அந்த வண்டி நம் கைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். வாங்குவதற்கு முன் அந்த மாடலையே தினமும் பிரிக்கிற ஒருவரிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி, ஒரு முழு நாள் காட்ட வேண்டும். அதற்கு ஐயாயிரம் கேட்டாலும் கொடுக்கலாம்.

2023 கார்த்திகையில் விற்றோம். வந்தவர் பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர், அறுபது வயதிருக்கும். கூட ஒரு மெக்கானிக். வண்டியைச் சுற்றிப் பார்த்தது பத்து நிமிடம்தான். பிறகு டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்து, நான் கொடுத்த பில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார். விற்றவர் கொடுத்த ரசீதும் அதில் இருந்தது, எங்களுடையதும் இருந்தது. மறைக்க வேண்டாம் என்று கிழிந்த குழாயின் 7,500 பில்லையும் டர்போவுக்குப் போட்ட எஸ்டிமேட்டையும் சேர்த்தே வைத்திருந்தேன். ஒவ்வொரு தாளாக, விரலை வைத்துப் படித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்பா உள்ளேயிருந்து காபி அனுப்பினார்.

"சஸ்பென்ஷன்ல பின்னாடி ரெண்டு ஏர் பேக் இன்னும் பழசுதானுங்களே?"

"ஆமாங்க. முன்னாடி ரெண்டுதான் மாத்தியிருக்கோம்."

"கியர் ஆயில்?"

"1,04,000-ல மாத்துனோம். பில் இருக்குது பாருங்க."

என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். ஃபைலின் கடைசித் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்: பின் ஏர் பேக் 2, பிரேக் டிஸ்க், டர்போ, ஆல்டர்னேட்டர். ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் ஒரு தொகை சொன்னார். கூட்டிப் போட்டார். நான் கேட்டிருந்த 7 லட்சத்தை அதன் மேலே எழுதி, கூட்டியதில் பாதியைக் கழித்தார். தாளை என் பக்கம் திருப்பினார். 5 லட்சத்து 85 ஆயிரம் என்றிருந்தது. சரி என்றேன்.